தட்டு இன்னும் என் வீட்டில்

காஜா பெராங், மலாக்கா
9 பிப்ரவரி 1958, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், வாசல் தூணில் ஒட்டியிருந்த உங்கள் தேர்தல் நோட்டீசைச் சுரண்டி எடுத்தது. உங்கள் ஆட்கள் மரவள்ளிக் கஞ்சி காய்ச்சி ஒட்டியிருக்கிறார்கள். வெந்நீர் ஊற்றி, பழைய கத்தியால் சுரண்டினேன். பெயர் வந்துவிட்டது. படத்திலுள்ள உங்கள் மூக்குக் கண்ணாடி மட்டும் வரமாட்டேன் என்கிறது. இப்போதும் தூணிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மலாய் பேசும் பக்கத்து மலாக்காச் செட்டி வீட்டம்மா வேலியோரம் வந்து, "ஆப்பா புவாட், சிக்கு?" என்றார். என்ன செய்கிறீர்கள் டீச்சர் என்று. கத்தியைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தொடர்ந்து சுரண்டினேன்.

நேரிலேயே வந்து பேசலாம். உங்கள் வீடு இதே தெருவின் மறுகோடியில்தான் இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் நீங்கள் தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்கும். ஆனால் வந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். நீங்கள் குரலை உயர்த்துவீர்கள். எனக்குக் கண் கலங்கும். அண்ணி கோப்பி கொண்டுவந்து வைப்பார். விஷயம் அந்தக் கோப்பியோடு ஆறிப்போகும். இதை ஆறவிட எனக்கு மனமில்லை. அதனால்தான் தபால்தலை ஒட்டுகிறேன்.

நேற்றைய பேப்பரில் நகரசபையில் நீங்கள் பேசியதைப் படித்தேன். சம்பளம், லீவு, சபை கொடுத்திருக்கும் லயத்து வரிசை வீடு எதுவானாலும், தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசவேண்டிய கட்டாயம் நகரசபைக்கு இல்லை, குறை உள்ளவர்கள் தனித்தனியாக, வேலை வாங்கும் மண்டோர் மூலம் மனுக் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். பேச்சை இரண்டு தடவை படித்தேன். வேறு யாராவது உங்கள் பெயரில் பேசியிருப்பார்களோ என்றுகூட நினைத்தேன்.

டிசம்பரில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். பெண்கள் ஓட்டு வேண்டும் என்று என்னை லயத்து மாரியம்மன் கோவில் மண்டபத்துக்கு அனுப்பினீர்கள். அண்ணி தன் பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் எடுத்துவைத்துக் கொடுத்தார். நீங்களும் வந்திருந்தீர்கள். ஆனால் முக்கியமான நேரத்தில் வாசலில் போட்டோக்காரரோடு நின்றுகொண்டிருந்தீர்கள். உள்ளே நடந்தது இதுதான். சாக்கடை கூட்டும் பெண்களுக்குத் தலைவி கமலவேணி எழுந்து, "ஒங்கண்ணன் ஜெயிச்சா எங்க சங்கத்தோட ஒக்காந்து பேசுவாரா டீச்சர்?" என்று கேட்டாள். "பேசுவார்" என்றேன். நீங்கள் அப்படித்தான் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். உடனே அவள் தன் தட்டை எடுத்தாள். அதிலும் வெற்றிலை, அதன்மேல் ஒரு தேங்காய். அதை என் கையில் வைத்துவிட்டு, அண்ணியின் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். நான் அதை மரியாதை என்று நினைத்தேன். வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்புவதில்லையா, அதுபோல.

நேற்றுச் சாயங்காலம் கமலவேணி வந்தாள். படியில்தான் உட்கார்ந்தாள், உள்ளே வரவில்லை. "தட்டு மாத்தினா சொல்லு குடுத்த மாதிரி டீச்சர். கல்யாணம் பேசினாலும் அதான், சண்டையத் தீத்தாலும் அதான். சொல்லு மாறினவங்கதான் தட்டைத் திருப்பிக் கொண்டாரணும், எல்லாரு முன்னாலயும். கொண்டாந்தீங்கன்னா நாங்க எங்க வழியப் பாத்துக்கறோம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோலச் சொன்னாள்.

ஒரே ஒரு கேள்விதான் அண்ணா. பேசுவீர்களா, மாட்டீர்களா?

அண்ணியின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்புங்கள்.

உங்கள் தங்கை,
சிவகாமசுந்தரி

*

12 பிப்ரவரி 1958

அன்புத் தங்கை சிவகாமிக்கு ஆசீர்வாதம்.

தபால் ஆபீசில் தலைநரைக்கும் வரை வேலை பார்த்தவன் நான். ஒரே தெருவில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொள்கிறவர்களில் காதலர்களையும் கடன்காரர்களையும்தான் பார்த்திருக்கிறேன். நீ மூன்றாவது ஜாதி. போகட்டும், தபால் இலாகாவுக்கு வருமானம். தூணில் என் கண்ணாடி இருக்கட்டும். நீ ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாயா என்று பார்த்துக்கொள்ளும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ படித்தவள், நிதானமாகக் கேள். தேர்தலுக்கு முன்னால் நான் வெளியில் இருந்தேன், இப்போது உள்ளே இருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. இது ஒரு சீன முதலாளித் தவுக்கேயின் தகர ஆலை அல்ல. சபையின் கையில் இருப்பது வீட்டு வரி கட்டுகிறவன் பணம். அந்த வரி கட்டுகிறவன் ஓட்டுப் போட்டு எங்களை உட்கார வைத்திருக்கிறான். சங்கத்துக்கு அவன் ஓட்டுப் போடவில்லை. சங்கத்தைச் சமமாக உட்காரவைத்துப் பேசினால் நாளைக்கு ஊரை ஆளுவது யார்? பேச்சு முறிந்தால் அவர்கள் வேலைக்கு வரமாட்டார்கள். ஒரு வாரம் கக்கூஸ் வாளி எடுக்காவிட்டால் இந்த ஊரில் வாந்தி பேதி வரும். சாகிறது தவுக்கே பிள்ளைகள் அல்ல, லயத்துப் பிள்ளைகள்தான். சுதந்திரம் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளைக்காரன் போனதும் குப்பை அள்ள ஆளில்லை என்று பேச்சு வரவேண்டுமா?

மனுக் கொடுத்தால் ஒவ்வொன்றாக நானே படித்துப் பார்ப்பேன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்.

தட்டு விஷயம் எனக்குச் சிரிப்பாக வருகிறது. அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. வெறுங்கையோடு போகாதே என்று அண்ணி பாசாரில் புதுத் தட்டு ஒன்று வாங்கியிருக்கிறாள். அதையும் கொடுத்துவிடு. ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பசியாற வா. கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வா.

அண்ணன்,
கலியாணசுந்தரம்

*

காஜா பெராங்
16 பிப்ரவரி 1958, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

பசியாற வரவில்லை. மன்னியுங்கள். அண்ணியிடம் தலைவலி என்று சொல்லியனுப்பியது பொய். உங்களுக்கு அது தெரிந்திருக்கும்.

புதுத் தட்டு கிடைத்தது. அதை எதிரே வைத்துப் பார்த்தேன். பளபளவென்று இருக்கிறது. அதில் என் முகம் நன்றாகத் தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்கிறேன். சொல் மாறிவிட்டோம், அதற்கு விலை இது என்று அர்த்தமாகியிருக்கும். கல்யாணப் பேச்சை முறித்துவிட்டுப் பெண் வீட்டுக்குப் புதுத் தட்டு அனுப்புவார்களா யாராவது? நல்லவேளையாக முதலில் கமலவேணியைக் கேட்டேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஒங்கண்ணன் தபாலாபீசு கிராணி வேலையிலயே இருந்திருக்கலாம் டீச்சர். ரெஜிஸ்டர் தபாலு, ரசீது, எல்லாம் சரியா இருந்திருக்கும்" என்றாள்.

பிறகு அவள் சொன்னதுதான் முக்கியம். சங்கத்து ஆண்கள் ஜனவரியிலேயே வேலை நிறுத்தம் என்று கிளம்பியிருக்கிறார்கள். பெண்கள்தான் தடுத்திருக்கிறார்கள். "தட்டு இன்னும் டீச்சர் வீட்லதான் இருக்கு. சொல்லு நிக்குது. சொல்லு நிக்கறப்ப நாம வாளியப் போடக்கூடாது" என்று கமலவேணி கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கிறாள். இன்னமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

என் சமையலறை மாடத்தில் கோப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன், அந்தத் தட்டை. ஊர் சுத்தமாக இருப்பது அதனால்தான் என்று இப்போது தெரிகிறது.

மனுவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மனு மண்டோர் கை வழியாகத்தான் வரவேண்டும். மண்டோரைப் பற்றியே குறை இருந்தால்? தனியாக ஒரு பெண் அவன் முன்னால் நின்று, என் லீவைத் தின்றுவிட்டாய் என்று எழுதிய காகிதத்தை அவன் கையிலேயே கொடுப்பாளா? நீங்கள் தபால் ஆபீசில் இருந்தபோது உங்கள் கிராணிகள் சங்கம் மேலதிகாரிகளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசியது எனக்குத் தெரியும். பேசிவிட்டு வந்த அன்று எனக்கு ஜாங்கிரி வாங்கி வந்தீர்கள். கோட்டுப் போட்டவர்கள் பேசலாம், வாளி தூக்குகிறவர்கள் மனு எழுத வேண்டும் என்பதுதான் சட்டமா?

வாந்தி பேதி பற்றி நீங்கள் எழுதியது என்னைத் தொந்தரவு செய்தது. அது பொய்யான பயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து பேசச் சொல்கிறேன்.

சிவகாமசுந்தரி

*

20 பிப்ரவரி 1958

சிவகாமி,

தட்டைத் திருப்பிக் கொடுக்காதே. போன கடிதத்தில் நான் எழுதியதை மறந்துவிடு. தட்டு உன் வீட்டிலேயே இருக்கட்டும். 27ஆம் தேதி சபைக் கூட்டம். சங்கத்தை அங்கீகரித்துப் பேச்சுக்கு அழைக்க வேண்டும் என்ற தீர்மானம் அன்றைக்கு வருகிறது. அது முடியும் வரைக்கும் யார் கேட்டாலும் ஒன்றும் சொல்லாதே. முடிந்த பிறகு ஆறுதலாகப் பேசிக்கொள்ளலாம்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து, மூன்று காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

கணேசமூர்த்தியை உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வீட்டுக்கு வந்தால் உன்னிடம் இங்கிலீஷ் இலக்கணத்தில் சந்தேகம் கேட்பானே. நாற்பத்தெட்டில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் என்று அறிவித்ததும் சங்கத்தில் இருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில். நாகப்பட்டினத்தில் இறங்கி யாரைப் போய்ப் பார்ப்பான்? அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லக்கூட எனக்குத் தைரியமில்லை. தெரு முனைவரை போய்விட்டுத் திரும்பினேன். அவசரகாலச் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. கமலவேணிக்கு அது தெரியுமா? வாளியைப் போட்டதும் போலீஸ் மாட்டா லாரியில் வந்து இறங்குவான். தீர்மானத்துக்கு நான் கை தூக்கப்போவதில்லை என்பது கட்சி உத்தரவுக்குப் பயந்து மட்டும் அல்ல. நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி.

அந்தத் தட்டால் இன்னும் சில நாள் அமைதி இருக்கிறதென்றால் இருந்துவிட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?

அண்ணன்

*

காஜா பெராங்
23 பிப்ரவரி 1958, ஞாயிறு

அண்ணா,

கணேசமூர்த்தியை மறப்பேனா? நீங்கள் தெரு முனையில் திரும்பியது எனக்கு இன்றுதான் தெரியும். சொன்னதற்கு நன்றி. ஆனால் அவரை ஏற்றி அனுப்பியபோது அவர் பக்கத்தில் நிற்க யாரும் இல்லை. அதை வைத்து நீங்கள் பயப்படுகிறீர்கள். அதையே வைத்துத்தான் நான் வேறு மாதிரி யோசிக்கிறேன்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். இதை உங்களிடம் எழுதுவேன் என்று நினைத்ததில்லை.

ஜப்பான்காரன் என் வீட்டுக்காரரை சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய், அவர் திரும்பாமல் போன நாளிலிருந்து, எந்த நல்ல காரியத்திலும் என் கையில் யாரும் தட்டுக் கொடுத்ததில்லை. உங்கள் மகள் கல்யாணத்தில் நான் சமையல்கட்டில் இருந்தேன். நானாகத்தான் போய் உட்கார்ந்தேன், யாரும் சொல்லவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. டிசம்பரில் தட்டை எடுத்துவைத்தபோது நான் தயங்கினேன். "நான் கொண்டுபோகலாமா அண்ணி?" என்று கேட்டேன். "அங்கதானே, பரவாயில்ல" என்றார் அண்ணி. அவர் மனசில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தையைத் தட்டோடு சேர்த்துத்தான் சுமந்துகொண்டு போனேன்.

மண்டபத்தில் கமலவேணி தட்டை நீட்டியபோது அவள் காதருகே போய் என் நிலைமையைச் சொன்னேன். அவள் மெதுவாகப் பேசத் தெரியாதவள். "யாரு செத்தாங்கன்னு நாங்க கேக்கல டீச்சர். சொல்லு ஒங்களுதா, இல்லியா?" என்றாள். எல்லாருக்கும் கேட்டது. என்னுடையதுதான் என்றேன்.

அதனால் அவர்களை அடக்கிவைக்க அந்தத் தட்டை நான் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. 27ஆம் தேதிவரை அது மாடத்திலேயே இருக்கும். நீங்கள் மனம் மாற இடம் வைப்பதற்காக மட்டும். கமலவேணியிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன், ஒளிக்கவில்லை. "சரி, பாப்போம்" என்றாள்.

சபையில் எழுந்து நின்று பேசுங்கள் அண்ணா. சின்ன வயதில் நீங்கள் பேசிக் கேட்டுத்தான் நான் பேசக் கற்றுக்கொண்டேன். மதராசுக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று எனக்காக எத்தனை பேரிடம் பேசினீர்கள்! பெண்ணுக்கு எதற்குக் கல்லூரி என்று சித்தப்பா சொன்னபோது, "உட்கார்ந்து பேசுவோம்" என்றுதான் நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

உங்கள்
சிவகாமி

*

1 மார்ச் 1958

சிவகாமிக்கு,

பேப்பரில் பார்த்திருப்பாய். எதிர்த்துத்தான் கை தூக்கினேன். தீர்மானம் தோற்றது. எழுந்து பேச நினைத்துக் குறிப்பெல்லாம் வைத்திருந்தேன். தலைவர் என் பக்கம் திரும்பியபோது தண்ணீர் குடித்தேன். அதற்குள் அடுத்தவர் எழுந்துவிட்டார்.

நான் செய்தது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். எனக்குத் தூக்கம் வராததால் அது தப்பென்று ஆகிவிடாது.

நீ எழுதியதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ, தெரியவில்லை. எழுந்து போய் மாவாட்ட உட்கார்ந்துவிட்டாள். வேண்டிய அளவுக்கு மேல் ஆட்டிவிட்டாள். நாலு நாளாகத் தோசைதான்.

ஞாயிற்றுக்கிழமை வா. அரசியல் பேச வேண்டாம்.

அண்ணன்

*

காஜா பெராங்
9 மார்ச் 1958, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கூட வரும் பொட்டலத்தில் அண்ணியின் பித்தளைத் தட்டு இருக்கிறது. டிசம்பரில் நான் கொண்டுபோனது. புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அண்ணியின் பெயர் நன்றாகத் தெரிகிறது. இது எப்படித் திரும்பி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் கமலவேணியின் தட்டை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் ஒருவர், "டீச்சரம்மா தட்டோட வந்துட்டாங்க, இனிமே மலாக்காவே மூக்கப் புடிச்சிக்க வேண்டியதுதான்" என்றார். சிரித்தார்கள். நடுவில் போய் நின்று, "சொன்ன சொல் நிற்கவில்லை. தட்டைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்" என்றேன்.

கமலவேணி வாங்கவில்லை. "சொல்லு மாறினது யாரு? நீங்களா?" என்றாள்.

"நான் மாறவில்லை."

"அப்பறம் ஒங்க கையில இருக்கறத எதுக்குக் கொண்டாந்தீங்க? மாறினவரு வீட்டுத் தட்டு எங்ககிட்டதான் இருக்கு. அதக் கொண்டுபோய் அவருகிட்ட குடுங்க. எங்க தட்டு ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

அண்ணியின் தட்டை என் கையில் வைத்தாள். உங்களுக்கும் அவர்களுக்கும் இருந்த சொல் அதோடு முடிந்தது. புதன்கிழமை முதல் வேலை நிறுத்தம். உங்கள் வாளியும் என் வாளியும் சேர்ந்தே நிறையும். அவசரகாலச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன், கணேசமூர்த்தியைப் பற்றியும் சொன்னேன். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாளிகளை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். அதற்கும் சண்டை நடந்தது. கமலவேணிக்கு அதில் இஷ்டமில்லை. "எடுத்தா எல்லாத்தயும் எடுக்கணும், போட்டா எல்லாத்தயும் போடணும்" என்று கத்தினாள். ஓட்டெடுத்தார்கள். அவள் தோற்றாள். உர்ரென்று உட்கார்ந்துகொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை. சபை மண்டபத்தில் நீங்கள் பார்த்ததைவிட நல்ல கூட்டம் அது என்று நினைக்கிறேன்.

நான் கிளம்பும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள். யாரென்று தெரியவில்லை. "டீச்சரு சொல்லு மாறாம இருந்து என்னாத்துக்கு ஆகுது? கையத் தூக்கற எடத்துல அவங்க இல்லியே." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செட்டிகள் குடியிருக்கும் கம்பம் வழியாக நடந்து வந்தேன். ஏதோ ஒரு வீட்டுக் கோவிலில் மணியடித்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தது வீடு வருவதற்குள் அடங்கிவிட்டது. அந்த வார்த்தை அடங்கவில்லை. இரவெல்லாம் அதற்குப் பதில் தேடினேன். அவள் சொன்னது சரி என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. இத்தனை நாளும் நான் உங்களை எழுந்து பேசச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் குரலை நம்பிச் சொல் கொடுத்தேன். கொடுத்த கை என்னுடையது. அதைக் காப்பாற்ற உங்களை ஏன் கேட்க வேண்டும்?

இன்று காலை தூணில் மிச்சமிருந்த கண்ணாடியையும் எடுத்துவிட்டேன். கோபத்தில் அல்ல. சுண்ணாம்பு அடிக்க இடம் வேண்டும்.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, அது போகக் கொஞ்ச காலம் ஆகும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவேன். அண்ணியிடம் சொல்லுங்கள், அடுத்த தடவை வீட்டில் நல்ல காரியம் நடந்தால் நான் கூடத்தில்தான் உட்காருவேன். இந்தத் தட்டை என் கையில் கொடுக்கட்டும்.

இன்னொன்று. கமலவேணிக்கு இது தெரியாது. பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை, சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள், விடுவேன். இந்த வரியை எழுதும்வரை வாய்விட்டு எனக்கு நானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. நாளைக்கு நோட்டீசில் பார்த்து நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வருகிற டிசம்பர் நகரசபைத் தேர்தலில் நம் வட்டாரத்தின் அடுத்த இடம் காலியாகிறது. நான் நிற்கிறேன் அண்ணா. உங்கள் பக்கத்து நாற்காலிக்கு.

சிவகாமசுந்தரி